குளிர்நில நீரியல் மாதிரிகளில் செய்மதித் தரவுகள்

குளிர்நில நீரியல் மாதிரிகளில் செய்மதித் தரவுகளைப் பயன்படுத்துதல் என்பது, தரையில் நின்று அளக்க முடியாத வெண்பனிப் பரப்பு, வெண்பனியில் அடங்கியுள்ள நீர், பனியாறுகளின் தடிப்பு மாற்றம் முதலியவற்றை விண்ணிலிருந்து அளந்து, அந்த அளவீடுகளைக் கொண்டு ஆற்று நீரோட்டத்தைக் கணிக்கும் கணித மாதிரிகளை இயக்குவதும் திருத்துவதும் ஆகும். அணைகளுக்கு எப்போது எவ்வளவு நீர் வரும், பனியாறுகள் சுருங்கினால் ஆறு என்னவாகும் என்னும் இரு கேள்விகளுக்கும் இம்மாதிரிகளே விடை தருகின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் காரகோரம் மலைத்தொடரில் உள்ள ஹுன்சா ஆற்றையும், அது சென்று சேரும் மேல் சிந்து வடிநிலத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்துறையை விளக்குகிறது.

தமிழில் பனி என்னும் சொல் புல்லின் மேல் படியும் பனித்துளியையும், வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதையும், இறுகிய பனிக்கட்டியையும் ஒருங்கே குறிப்பதால் குழப்பம் நேரலாம். இங்கு வானிலிருந்து விழுந்து படிவது வெண்பனி எனவும், பல ஆண்டு வெண்பனி இறுகிப் பனிக்கட்டியாகித் தன் எடையால் மெல்ல நகர்வது பனியாறு எனவும் குறிக்கப்படுகின்றன. ஒரு வெண்பனிப் படிவை முழுதும் உருக்கினால் கிடைக்கும் நீரின் ஆழம் அதன் நீர்ச்சமானம் எனப்படும். புதிதாக விழுந்த வெண்பனி 1 மீட்டர் ஆழம் இருந்தால் அதன் நீர்ச்சமானம் ஏறத்தாழ 100 மி.மீ. மட்டுமே. இளவேனிலில் இறுகிய வெண்பனியில் அது 300 முதல் 500 மி.மீ. வரை இருக்கும்.

குளிர்நில வடிநிலங்களின் இயல்பு

மழையால் மட்டும் நீர்பெறும் ஆற்றில், பெய்த மழை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஆற்றை அடைந்துவிடுகிறது. மழைமானியையும் ஆற்று நீர்மட்டத்தையும் ஒப்பிட்டாலே மாதிரியை ஓரளவு அமைத்துவிடலாம். குளிர்நிலத்தில் அவ்வாறு இயலாது. சனவரியில் விழுந்த வெண்பனி சூன் மாதத்தில் ஆற்றுக்கு வரலாம். பனியாற்றின் மேற்பகுதியில் விழுந்தது பல நூறு ஆண்டுகள் கழித்து அதன் அடிமுனையில் உருகி வரலாம். ஆகவே இன்று ஆற்றில் ஓடும் நீர் இந்த ஆண்டின் வருமானமா, முன்னோர் சேர்த்த சேமிப்பா என்பது நீரைப் பார்த்து மட்டும் தெரிவதில்லை.

சமவெளிக் குளிர்நிலங்களில் சிக்கல் வேறு வகையானது. சைபீரியாவின் லேனா, கனடாவின் மெக்கென்சி ஆகிய ஆறுகள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றன. தெற்கே பனி உருகி வெள்ளம் கிளம்பும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடப்பதால் பனிக்கட்டிகள் அடைத்துக்கொள்கின்றன. 2001 மே மாதத்தில் லேனா ஆற்றங்கரையில் உள்ள லென்ஸ்க் நகரம் இவ்வாறான அடைப்பு வெள்ளத்தில் மூழ்கியது. அடைப்பை உடைக்க வானூர்திகளிலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. அத்துடன், உறைந்த மண் நீரை உறிஞ்சாததால் உருகுநீர் நிலத்தடிக்குச் செல்லாமல் மேலோடியே ஆற்றை அடைகிறது. ஆண்டு முழுதும் உறைந்திருக்கும் மண் பரந்து கிடக்கும் இவ்வடிநிலங்களுக்கு, மண் எப்போது உறைகிறது, எப்போது இளகுகிறது என்பதே மாதிரிக்கு இன்றியமையாத செய்தியாகும். 2015 சனவரியில் ஏவப்பட்ட சுமாப் செய்மதி நுண்ணலைகளைக் கொண்டு இதனைக் கண்டறியும் வகையில் அமைக்கப்பட்டது.

மலைநாட்டில் எல்லாவற்றிலும் பெரிய இடர், மேலே எவ்வளவு விழுகிறது என்பதே தெரியாமல் இருப்பதுதான். வானிலை நிலையங்கள் மக்கள் வாழும் பள்ளத்தாக்குகளில் அமைந்துள்ளன. வெண்பனி விழுவதோ அவற்றுக்கு 2,000, 3,000 மீட்டர் மேலே. அங்கே ஒரு மானியை நிறுவினாலும் காற்று வெண்பனியை அதன் வாய்க்கு மேலாக அடித்துச் சென்றுவிடும். காற்று மிகுந்த இடங்களில் மானி விழுந்ததில் பாதிக்கு மேல் தவறவிடக்கூடும்.

ஹுன்சா வடிநிலம்

ஹுன்சா ஆறு பாக்கித்தானின் ஆளுகையில் உள்ள கில்கித்-பல்திஸ்தான் பகுதியில் ஓடி, கில்கித் நகருக்கு அருகே கில்கித் ஆற்றுடன் கலந்து, பின்னர் சிந்துவை அடைகிறது. வடிநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 13,700 ச.கி.மீ. ஆகும். அதில் கால் பங்குக்குக் குறையாத பகுதியைப் பனியாறுகள் மூடியுள்ளன. பத்தூரா, ஹிஸ்பார் ஆகியவை அவற்றுள் பெரியவை. பத்தூரா 50 கி.மீ.க்கும் கூடுதலான நீளமுடையது. அளவீட்டு நிலையம் அமைந்துள்ள தைன்யோர் பாலம் ஏறத்தாழ 1,400 மீ. உயரத்திலும், வடிநிலத்தின் மிக உயர்ந்த கொடுமுடியான திஸ்தகில் சார் 7,800 மீட்டருக்கு மேலும் உள்ளன. இந்த ஆறரைக் கிலோமீட்டர் உயர வேறுபாட்டுக்குள் பாலைநிலமும் உண்டு, துருவநிலமும் உண்டு.

கில்கித் நகரில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 130 மி.மீ. மட்டுமே. இது தார்ப் பாலைவனத்தின் சில பகுதிகளைவிடக் குறைவு. ஆனால் 1980களில் கனடிய ஆய்வாளர் கென்னத் ஹியூவிட்டின் குழுவினர் நடுக்காரகோரத்தின் பனியாறுகளில் குழிகள் தோண்டி ஆண்டு அடுக்குகளை அளந்தபோது, 5,000 மீட்டரை ஒட்டிய உயரங்களில் ஓராண்டுப் படிவின் நீர்ச்சமானம் 1,000 மி.மீ. அளவிலும் அதற்கு மேலும் இருக்கக் கண்டனர். இந்தச் செய்தி நீண்ட காலம் மாதிரி அமைப்போரின் கணக்கில் முழுமையாக ஏறவில்லை. சில குழிகளைக் கொண்டு ஒரு மலைத்தொடரையே மதிப்பிட முடியாது என்பது ஒரு காரணம். பள்ளத்தாக்கு நிலையங்களின் தரவு எளிதாகக் கிடைத்தது மற்றொரு காரணம்.

இந்த ஆறுகளை நம்பிச் சிந்துச் சமவெளியின் பாசனம் நடைபெறுகிறது. 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, சிந்து வடிநிலத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் உருகுநீர், கீழ்ப்பகுதியில் இயற்கையாக உருவாகும் நீரைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என மதிப்பிட்டது. ஆசியாவின் மற்ற பெரிய ஆறுகள் எதிலும் உருகுநீருக்கு இவ்வளவு பங்கு இல்லை. 1976 இல் கட்டிமுடிக்கப்பட்ட தர்பேலா அணையின் நீர்வரத்து பெரும்பாலும் கோடை மாதங்களில் மேலே உருகுவதைப் பொறுத்தது.

மாதிரி இயங்கும் முறை

உருகுநீர் மாதிரிகளில் மிக எளியது வெப்பநாள் முறை ஆகும். சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேல் எத்தனை பாகை உள்ளதோ, அதை ஒரு காரணியால் பெருக்கினால் அன்று உருகும் நீரின் ஆழம் கிடைக்கும். காரணி 4 மி.மீ. எனவும் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் எனவும் கொண்டால் அன்று 20 மி.மீ. உருகும். 1,000 ச.கி.மீ. பரப்புள்ள ஓர் உயரப் பட்டையில் 60 விழுக்காடு வெண்பனி மூடியிருந்தால், பட்டை முழுதுக்கும் சராசரி 12 மி.மீ., அதாவது 1 கோடியே 20 இலட்சம் கன மீட்டர் நீர். இது ஒரு நாள் முழுதும் சீராக ஓடுவதாகக் கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 139 கன மீட்டர் ஆகும். இந்த 60 விழுக்காடு என்னும் எண் எங்கிருந்து வருகிறது? செய்மதி இல்லையெனில் அது ஊகமே.

வெப்பநிலையைப் பள்ளத்தாக்கில் அளந்து, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 பாகை குறையும் எனக் கொண்டு மேலுள்ள பட்டைகளுக்குக் கணிப்பர். வெண்பனியைவிடப் பனியாற்றின் அழுக்கேறிய பனிக்கட்டி கதிரவன் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் அதன் காரணி பெரியது. சுவிட்சர்லாந்தின் சிறிய மலை வடிநிலங்களில் பணியாற்றிய யாரோஸ்லாவ் மார்ட்டினெக் 1975 இல் வெளியிட்ட உருகுநீரோட்ட மாதிரி இவ்வகையைச் சேர்ந்தது. சுவீடனில் ஸ்டென் பெர்க்ஸ்ட்ரோம் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மாதிரியும் வெப்பநாள் முறையையே பயன்படுத்துகிறது. ஆனால் அது வெண்பனிப் பரப்பை வெளியிலிருந்து பெறாமல் தானே கணித்துக்கொள்ளும். இவ்வேறுபாடு முக்கியமானது. முதல் வகை மாதிரிக்குச் செய்மதிப் படம் உணவு. இரண்டாம் வகைக்கு அது தேர்வுத்தாள்.

சரியான விடை, தவறான வழி

மாதிரியில் உள்ள காரணிகளை, கணித்த நீரோட்டம் அளந்த நீரோட்டத்துடன் ஒத்துவரும்வரை மாற்றி அமைப்பது அளவுத்திருத்தம் எனப்படும். ஆற்று அளவீட்டை மட்டும் கொண்டு இதைச் செய்யும்போது நேரும் பிழையே செய்மதித் தரவின் தேவையை நன்கு உணர்த்துகிறது.

ஹுன்சாவை ஒத்த ஒரு கற்பனை வடிநிலத்தை எடுத்துக்கொள்வோம். வடிநிலப் பரப்பு முழுதும் பரப்பினால் ஆண்டு நீரோட்டம் 700 மி.மீ. ஆழமும், ஆவியாதல் 50 மி.மீ. ஆழமும் வருவதாகக் கொள்வோம். வெளியேறுவது மொத்தம் 750 மி.மீ. முதல் மாதிரி பள்ளத்தாக்கு நிலையங்களை நம்பி, ஆண்டுப் பொழிவு 350 மி.மீ. என்கிறது. மீதி 400 மி.மீ. எங்கிருந்து வந்தது? பனியாறுகள் கரைந்து கொடுத்தன எனக் கணக்கை நேர்செய்கிறது. இரண்டாம் மாதிரி மலைமேல் பொழிவு மிகுதி எனக் கொண்டு, 750 மி.மீ.யும் அவ்வாண்டின் பொழிவே, பனியாறுகள் இழந்தது ஒன்றுமில்லை என்கிறது. உருகும் காரணிகளைச் சற்று முன்பின் நகர்த்தினால் இரு மாதிரிகளும் அளவீட்டு நிலையத்தின் நீரோட்ட வரைபடத்தை ஒரே அளவு துல்லியமாகத் தருமாறு செய்துவிடலாம்.

ஆனால் எதிர்காலம் பற்றி இரண்டும் சொல்வது நேர்மாறானது. முதல் மாதிரியின்படி ஆற்றில் பாதிக்கு மேல் சேமிப்பின் கரைவு. பனியாறு தீர்ந்ததும் ஆறு பாதியாகும். இரண்டாம் மாதிரியின்படி ஆற்றின் அளவு ஆண்டுப் பொழிவைப் பொறுத்தது. பனியாறு சுருங்கினால் நீர் வரும் காலம் மாறுமேயன்றி மொத்த அளவு அவ்வளவாகக் குறையாது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஓர் அணையைத் திட்டமிடுபவருக்கு இது சிறிய வேறுபாடன்று. வரைபடம் ஒத்துவந்ததை மட்டும் காட்டி மாதிரி சரிபார்க்கப்பட்டது என எழுதும் ஆய்வறிக்கைகளை இதனாலேயே ஐயத்துடன் படிக்க வேண்டியுள்ளது.

இரண்டில் எது சரி என்பதைத் தீர்க்க ஆற்றைவிட்டு வெளியே வேறொரு சான்று தேவை. பனியாறுகள் வடிநிலத்தில் கால் பங்கு எனில், வடிநில அளவில் 400 மி.மீ. இழப்பு என்பது பனியாற்றுப் பரப்பில் ஆண்டுக்கு 1.6 மீட்டர் நீர்ச்சமான இழப்பு. பத்தாண்டில் 16 மீட்டர். அவ்வளவு மெலிந்திருந்தால் அது விண்ணிலிருந்து தெரிந்தே ஆகவேண்டும்.

பனியாறுகளின் உயரத்தை அளத்தல்

2000 பெப்ரவரியில் விண்ணோடத்தில் பொருத்தப்பட்ட ராடார், பதினோரு நாட்களில் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. பின்னாளில் வேறு செய்மதிகள் எடுத்த இரட்டைக் கோணப் படங்களிலிருந்து அதே நிலத்தின் உயரத்தைக் கணித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பனியாறு மெலிந்ததா தடித்ததா என்பது தெரியும். ஜூலி கார்டெல் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008 இல் எடுக்கப்பட்ட ஸ்பாட்-5 படங்களை இவ்வாறு ஒப்பிட்டு, நடுக்காரகோரத்தின் பனியாறுகள் ஆண்டுக்கு 0.11 மீட்டர் நீர்ச்சமானம் கூடியுள்ளன, பிழை வரம்பு 0.22 மீட்டர் என 2012 இல் வெளியிட்டனர். பிழை வரம்பு மதிப்பைவிடப் பெரிதாக இருப்பதால் பனியாறுகள் வளர்ந்தன என உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் 1.6 மீட்டர் இழப்பு என்னும் கூற்றை மறுக்க இது தாராளமாகப் போதும். உலகின் பெரும்பாலான மலைப் பனியாறுகள் மெலிந்துகொண்டிருந்தபோது காரகோரம் மட்டும் நிலைத்து நின்ற இந்நிகழ்வைக் காரகோர விதிவிலக்கு என அழைக்கின்றனர். ஹியூவிட் 2005 இலேயே தரைச் சான்றுகளைக் கொண்டு இதனைச் சுட்டியிருந்தார்.

2003 இல் ஏவப்பட்ட ஐஸ்சாட் செய்மதி, லேசர் ஒளித்துடிப்புகளை அனுப்பி அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தை அளந்தது. ஆண்ட்ரியாஸ் கேப் முதலியோர் 2003 முதல் 2008 வரையிலான இதன் தரவுகளைக் கொண்டு இமயம், இந்துகுஷ், காரகோரம் ஆகியவற்றின் பனியாறுகள் மாறுபட்ட வேகங்களில் மாறுவதை 2012 இல் காட்டினர். 2021 இல் ரோமன் ஹுகோனே முதலியோர் டெரா செய்மதியின் இருபதாண்டுப் படங்களைக் கொண்டு உலகின் ஏறத்தாழ எல்லாப் பனியாறுகளையும் அளந்தபோது, 2010களில் காரகோரமும் மெலியத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறிகள் தென்பட்டன. எனவே 2000களின் பனியாற்று நிலையைக் கொண்டு திருத்தப்பட்ட மாதிரியை அப்படியே பிற்காலத்துக்கு நீட்டுதல் பொருந்தாது.

இவ்வளவீடுகளிலும் கண்ணிகள் உள்ளன. ராடார் அலை உலர்ந்த வெண்பனியின் மேற்பரப்பில் திரும்பாமல் சில மீட்டர் உள்ளே சென்று திரும்பும். இதனைத் திருத்தாவிட்டால் பனியாறு வளர்ந்ததாகப் பொய்த்தோற்றம் கிடைக்கும். உயர மாற்றத்தை நீரின் அளவாக மாற்ற அடர்த்தியும் தேவை. கன மீட்டருக்கு 850 கிலோகிராம் என்னும் மதிப்பு பொதுவாகப் பயன்படுகிறது. அது ஒரு வசதியான சராசரி மட்டுமே.

மேல் சிந்துவில் வெளிப்பட்டது

நெதர்லாந்தின் வால்ட்டர் இம்மர்சீலும் பிரான்செஸ்கா பெல்லிச்சியோட்டி முதலியோரும் இக்கணக்கைத் தலைகீழாகப் போட்டனர். பொழிவைக் கொண்டு பனியாற்றைக் கணிப்பதற்குப் பதிலாக, செய்மதியில் கண்ட நிலையில் ஒரு பனியாறு நீடிக்க வேண்டுமாயின் அதன்மேல் எவ்வளவு வெண்பனி விழுந்திருக்க வேண்டும் எனக் கேட்டனர். பனியாற்றையே ஒரு மாபெரும் மழைமானியாகக் கொண்ட இம்முறையை முதலில் 2012 இல் ஹுன்சா வடிநிலத்திலும், பின்னர் 2015 இல் மேல் சிந்து வடிநிலம் முழுதிலும் பயன்படுத்தினர்.

முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. உயர்மலைப் பொழிவு முன்னைய மதிப்பீடுகளைப் போலச் சராசரியாக இரு மடங்கும், சில இடங்களில் பத்து மடங்கு வரையும் இருந்தாலன்றி நீர்க்கணக்கு முடியாது என 2015 ஆய்வு காட்டியது. பனியாறுகளைக் கொண்டு பெற்ற இப்பொழிவு மதிப்பீட்டை ஆற்று நீரோட்ட அளவீடுகளுடன் தனியே ஒப்பிட்டபோது அவை பொருந்தின. நிலையங்களின் தரவை இடைச்செருகித் தயாரிக்கப்பட்ட பொழிவு வரைபடங்களைக் கொண்டு பார்த்தால், சில வடிநிலங்களில் விழுந்ததைவிட ஆற்றில் ஓடியது கூடுதலாக இருந்தது. அந்த முரண்பாட்டைப் பல மாதிரிகள் பனியாறுகளை இல்லாத அளவுக்கு உருக்கி மறைத்திருந்தன.

வெண்பனிப் பரப்பை அளத்தல்

முதல் வானிலைச் செய்மதியான டைரோஸ்-1, 1960 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதன் படங்களிலேயே கிழக்குக் கனடாவின் வெண்பனி தெரிந்தது. 1966 முதல் அமெரிக்கா வட அரைக்கோளத்தின் வெண்பனி வரைபடங்களை வாரந்தோறும் வெளியிட்டது. 1977 இல் நாசாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ராங்கோ, வின்சென்ட் சாலமன்சன், ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஆகியோர், ஏப்ரல் தொடக்கத்தில் சிந்து, காபூல் வடிநிலங்களில் வெண்பனி மூடிய பரப்புக்கும் ஏப்ரல் முதல் சூலை வரை அந்த ஆறுகளில் ஓடிய நீருக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினர். அவர்களிடம் சில ஆண்டுகளின் படங்களே இருந்தன. ஆயினும் ஒரு மலையில் கால் வைக்காமலேயே அதன் ஆற்றை முன்னறியலாம் என்பதற்கு அதுவே தொடக்கம்.

வெண்பனியையும் முகிலையும் பிரித்தறிவதே இதில் முதற்சிக்கல். கண்ணுக்கு இரண்டும் வெள்ளை. ஆனால் ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை வெண்பனி உறிஞ்சிக் கறுத்துத் தோன்ற, முகில் தொடர்ந்து வெளுத்தே தோன்றும். பச்சை ஒளித்தெறிப்பிலிருந்து இந்த அகச்சிவப்பு ஒளித்தெறிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெண்பனிச் சுட்டெண் கிடைக்கும். அது 0.4க்கு மேலிருந்தால் அவ்விடம் வெண்பனி எனக் கொள்வது வழக்கம். 1999 திசம்பரில் ஏவப்பட்ட டெரா, 2002 மே மாதத்தில் ஏவப்பட்ட அக்குவா ஆகிய செய்மதிகளில் உள்ள மோடிஸ் கருவி இம்முறையில் உலகம் முழுதையும் நாள்தோறும் 500 மீட்டர் துல்லியத்தில் வரைபடமாக்க உதவியது. அக்கருவியின் அறிவியல் குழுவுக்குத் தலைமை வகித்தவர் மேலே கூறிய சாலமன்சனே.

மோடிஸ் தரவுகளின்படி ஹுன்சாவில் குளிர்காலத்தில் வடிநிலத்தின் ஏறத்தாழ 80 விழுக்காடும், கோடையின் இறுதியில் ஏறத்தாழ 30 விழுக்காடும் மூடப்பட்டிருக்கும். கோடையில் எஞ்சுவது பெரும்பாலும் பனியாறுகளே. முகில் மறைத்த நாட்களே இதில் பெரும் தலைவலி. முற்பகலில் கடக்கும் டெராவின் படத்தையும் பிற்பகலில் கடக்கும் அக்குவாவின் படத்தையும் இணைத்தும், எட்டு நாட்களின் படங்களில் ஒருமுறையேனும் வெண்பனி தெரிந்த இடங்களைத் தொகுத்தும் இதனைக் குறைக்கின்றனர்.

பரப்பு தெரிந்தாலும் ஆழம் தெரியாது என்பதே இத்தரவின் அடிப்படைக் குறை. ஒரு சாண் வெண்பனியும் பத்தடி வெண்பனியும் படத்தில் ஒரே வெண்மைதான். இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. ஒரு சரிவு வெயில் ஏறியபின் எத்தனை நாள் தாக்குப்பிடித்து வெறுமையானது என்பதைத் தொடர் படங்களில் கண்டு, அத்தனை நாட்களில் உருகியிருக்கக்கூடிய நீரைப் பின்னோக்கிக் கூட்டினால் தொடக்கத்தில் இருந்த நீர்ச்சமானம் கிடைக்கும். ஆனால் பருவம் முடிந்த பின்னரே இக்கணக்கைப் போடமுடியும் என்பதால் முன்னறிவிப்புக்கு இது நேரடியாக உதவாது.

நுண்ணலை, ஈர்ப்பு அளவீடுகள்

நிலத்திலிருந்து இயற்கையாக வெளிவரும் நுண்ணலைகளை வெண்பனித் துகள்கள் சிதறடிக்கின்றன. அலைவெண் மிகுந்தால் சிதறலும் மிகுதி. எனவே 18, 37 கிகாஹெர்ட்ஸ் அளவிலான இரு அலைவெண்களின் வேறுபாட்டிலிருந்து வெண்பனியின் ஆழத்தை மதிப்பிடலாம். முகிலும் இரவும் இதற்குத் தடையில்லை. 1978 முதல் இவ்வகைத் தரவு கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு படப்புள்ளியும் ஏறத்தாழ 25 கி.மீ. அகலமுடையது; அதற்குள் ஹுன்சாவின் ஒரு பள்ளத்தாக்கும் இரு கொடுமுடிகளும் அடங்கிவிடும். நீர்ச்சமானம் 150 முதல் 200 மி.மீ.க்கு மேல் போனால் குறிப்பலை நிறைவுற்றுவிடும். வெண்பனி ஈரமானாலோ முற்றிலும் பயன்படாது. சைபீரியா, கனடா போன்ற தட்டை நிலங்களுக்கு ஏற்ற இம்முறை காரகோரத்துக்கு ஏற்றதன்று. பின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக உருவாக்கிய குளோப்ஸ்னோ தரவுத்தொகுதி மலைப்பகுதிகளை வெளிப்படையாகவே நீக்கிவிடுகிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத இந்த நேர்மை பாராட்டுக்குரியது.

ஈரமானால் குறிப்பலை மாறும் இதே பண்பு ராடார் செய்மதிகளில் நன்மையாகிறது. செய்மதியே அலையை அனுப்பித் திரும்பப்பெறும் ராடாரில், ஈரமான வெண்பனி அலையை விழுங்கிவிடுவதால் திரும்பும் அலை சட்டெனக் குறையும். 2014 இல் ஏவப்பட்ட சென்டினல்-1 இவ்வாறு எந்த உயரப் பட்டையில் எந்த வாரத்தில் உருகல் தொடங்கியது எனக் காட்டுகிறது. வெப்பநாள் மாதிரியில் மலைமேல் வெப்பநிலையைத் தவறாகக் கணித்திருந்தால் இத்தேதிகளில் அது வெளிப்பட்டுவிடும்.

2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செய்மதிகள் ஏறத்தாழ 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, அந்த இடைவெளியின் மிக நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு கீழேயுள்ள நிறையின் ஈர்ப்பை அளந்தன. 2017 இல் அவை பணி முடித்தபின் 2018 மே மாதத்தில் அவற்றின் வழித்தோன்றல் ஏவப்பட்டது. வெண்பனி, பனியாறு, மண் ஈரம், நிலத்தடி நீர் ஆகிய அனைத்தையும் கூட்டிய ஒரே எண்ணை இது தரும். சில நூறு கிலோமீட்டர் துல்லியமே உடையதால் ஹுன்சா போன்ற சிறு வடிநிலத்துக்குப் பயன்படாது. மேல் சிந்து முழுதுக்கும் பயன்படுத்தும்போதும் கவனம் தேவை. தெற்கே பஞ்சாபில் குழாய்க் கிணறுகள் உறிஞ்சும் நிலத்தடி நீரின் இழப்பு, மலைப் பனியின் இழப்புபோல் கணக்கில் கசிந்துவிடக்கூடும்.

மாதிரியில் சேர்க்கும் முறைகள்

செய்மதித் தரவை நேரடி உள்ளீடாகத் தருவது மார்ட்டினெக் மாதிரியின் வழி. ஹுன்சாவுக்கு மோடிஸ் பரப்புகளைத் தந்து இம்மாதிரியை இயக்கிய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. இம்முறையின் குறை, நாளைய வெண்பனிப் பரப்பு இன்று தெரியாது என்பதே. கடந்த ஆண்டுகளின் சுருக்க வளைகோடுகளைக் கொண்டு அதனை ஊகிக்க வேண்டும்.

அளவுத்திருத்தத்தில் பயன்படுத்துவது இரண்டாம் வழி. நீரோட்டம், வெண்பனிப் பரப்பு, பனியாற்று இழப்பு ஆகிய மூன்றுடனும் ஒருங்கே பொருந்தும் காரணிகளை மட்டும் ஏற்பர். இதில் நீரோட்டப் பொருத்தம் சற்றுக் குறைவது வழக்கம். அதனைத் தோல்வியாகக் கருதக்கூடாது. ஒரு கண்ணால் மட்டும் பார்த்தபோது கிடைத்த மிகைப்பொருத்தம் நீங்கியதன் அடையாளம் அது.

மூன்றாவது தரவு இணைப்பு. மாதிரியைச் சற்றே வேறுபட்ட தொடக்கநிலைகளுடன் பல பிரதிகளாக இயக்கி, ஒவ்வொரு புதிய படம் வரும்போதும் அதன் பிழையையும் மாதிரியின் பிழையையும் எடைபோட்டு இடைப்பட்ட நிலைக்கு நகர்த்துவர். கெய்ர் எவென்சன் 1994 இல் முன்வைத்த குழும கால்மன் வடிகட்டி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஒரு சரிவு முழுதும் வெண்பனி மூடியுள்ள நடுக்குளிர்காலத்தில் பரப்புத் தரவு எதையும் திருத்தாது. மூடல் 100 விழுக்காடு என்பதை மாதிரி ஏற்கெனவே அறியும். ஓரங்கள் வெறுமையாகத் தொடங்கும் இளவேனிலில்தான் அது பயன்தரும்.

எஞ்சியுள்ள இடர்கள்

வெண்பனிப் பொழிவை விண்ணிலிருந்து நேரடியாக அளப்பது இன்னும் கைகூடவில்லை. 2014 பெப்ரவரியில் ஏவப்பட்ட உலகப் பொழிவு அளவைச் செய்மதியின் கருவிகளுக்கும், வெண்பனி மூடிய நிலத்தின் மேல் விழும் வெண்பனியைப் பின்னணியிலிருந்து பிரித்தறிதல் கடினமாகவே உள்ளது. பனியாறுகளின் மேல் படிந்த கற்குவியல் மற்றொரு சிக்கல். மெல்லிய தூசி உருகலை விரைவுபடுத்தும். ஓரடித் தடிப்புள்ள கற்போர்வை அதனைத் தடுக்கும். ஹிஸ்பார் போன்ற பனியாறுகளின் அடிப்பகுதி முழுதும் கற்களால் மூடப்பட்டுள்ளது; படத்தில் போர்வை தெரிகிறது, அதன் தடிப்பு எளிதில் தெரிவதில்லை.

ஆற்று அளவீடும் குற்றமற்றது எனக் கொள்ளலாகாது. 2010 சனவரி 4 அன்று அத்தாபாத் என்னும் ஊரில் மலைச்சரிவு விழுந்து இருபது பேர் இறந்தனர். ஹுன்சா ஆறு அடைபட்டு, 20 கி.மீ.க்கும் நீளமான ஏரி உருவாகி, காரகோர நெடுஞ்சாலையின் ஒரு பகுதி மூழ்கியது. மே மாத இறுதியில்தான் நீர் அடைப்பைத் தாண்டி வழிந்தது. அம்மாதங்களில் தைன்யோரில் பதிவான குறைந்த நீரோட்டத்துக்குக் காரணம் பனியுமன்று, வெப்பநிலையுமன்று. இதையறியாமல் 2010 ஆம் ஆண்டையும் சேர்த்து அளவுத்திருத்தம் செய்தால் மாதிரி இல்லாத ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளும். அவ்வாறே ஷிஷ்பர் பனியாறு 2018 முதல் திடீரென முன்னேறிப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் நீரை அடைத்து ஏரியாக்கியது. 2022 மே 7 அன்று அந்த ஏரி உடைந்து ஹசனாபாத் பாலத்தை அடித்துச் சென்றது. செய்மதிப் படங்களில் அந்த ஏரியின் வளர்ச்சி முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் வெப்பநாள் காரணிகளால் ஆன எந்த மாதிரியிலும் இத்தகைய வெள்ளத்துக்கு இடமில்லை.

2025 சூலை 30 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார் ராடார் செய்மதி ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்குத் திரும்பும் வகையில் அமைந்த இதன் நீண்ட அலைகள், பனியாறுகளின் நகர்வையும் ஈர வெண்பனியையும் அளக்க உதவும்.